மிக்கேலின் முகத்துக்கு அடியில்

பிரகாசம் அண்ணன் போய்விட்ட செய்தி வந்தபோது நான் லேபில் சாயத் துணி மாதிரிகளை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். பிரிண்டிங் பிரிவின் சூப்பர்வைசர் போன் செய்தார். "மேடம், நம்ம ஆர்ட்டிஸ்ட் பிரகாசம் சாருங்க... பஸ்ஸுக்கு நின்னவரு அப்படியே உக்காந்துட்டாருங்களாமா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ளயே..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். நான் போனை வைத்துவிட்டுக் கையிலிருந்த துண்டை ஒட்டினேன். அடுத்ததையும் ஒட்டினேன். நாலைந்து துண்டுகள் ஒட்டிய பிறகுதான் எல்லாவற்றையும் தலைகீழாக ஒட்டியிருப்பது தெரிந்தது.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரை 'அண்ணாச்சி' என்று அழைத்தவர்கள். ஞானப்பிரகாசம் என்ற முழுப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. தூத்துக்குடிப் பக்கம் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து இருபது வயதில் திருப்பூருக்கு வந்தவர். பனியனில் அச்சடிக்க வேண்டிய படத்தை நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. அதே கம்பெனியில் சாயத்துக்கு நிறம் பார்த்துச் சேர்ப்பது என் வேலை. பன்னிரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எண்ணெய் வண்ணத்தில் ஆட்களை வரைவார் என்பது நெடுநாள் வரை எனக்குத் தெரியாது.

எங்கள் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. குழந்தைகள் பனியன் ஒன்றில் கிளிப் படம். பச்சை சரியாக இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அவர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக லேபுக்கு வந்தார். "இது சரியில்ல மேடம்" என்றார். மெஷினில் வைத்துப் பார்த்துத்தான் பாஸ் செய்தேன் என்றேன், கொஞ்சம் கடுப்பாகவே. "மெஷினு பாஸ் போட்டிருக்கு. கிளி போடலியே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தத் துணி நிறம் சரியில்லை என்று திரும்பி வந்தது. அன்றிலிருந்து எந்தப் பச்சையையும் அவர் கண்ணில் காட்டாமல் நான் அனுப்பியதில்லை. அவர் என்னை மேடம் என்பதை விட்டுத் தங்கச்சி என்று அழைக்கத் தொடங்கியதும் அப்போதுதான்.

அவருக்கும் லூர்து அக்காவுக்கும் ஒரே மகன் ரூபன். திருப்பூர் மண்ணரையில் பிறந்து வளர்ந்தவன். அப்பா கடற்கரைப் பேச்சுப் பேச, அவன் எங்கள் ஊர்ப் பேச்சுப் பேசுவான். ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்து நான்கு வயதில் கால் வீங்குகிறது என்று காட்டப் போனார்கள். இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது என்றார்கள். அதன்பின் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அண்ணன் தன்னுடையதைக் கொடுக்கப் போனார். அவருக்குச் சர்க்கரை, எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு ரத்த அழுத்தம். மறுநாள் வேலைக்கு வந்தவர் என் மேஜைக்கு எதிரே நின்று, "ஒடம்புல ரெண்டு இருக்கு தங்கச்சி. ஒண்ணக் கூடக் குடுக்க வழியில்ல" என்றார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்த வருடம்தான் மண்ணரைக்கு அந்தப் பக்கம் அவர்கள் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த ஒரு சிறு கோயில் கட்டி முடியும் நிலையில் இருந்தது. கவசமும் ஈட்டியுமாகப் பிசாசை மிதித்து நிற்கும் அதிதூதர் மிக்கேல் பெயரில் கோயில். பீடத்துக்குப் பின்னால் வைக்க மிக்கேல் படம் ஒன்று வரைந்து தர முடியுமா என்று பங்குச் சாமியார் அண்ணனைக் கேட்டார். காலண்டரில் வருகிற மாதிரி வேண்டாம், நிஜமான ஆளை நிறுத்தி, நிஜமான கவசத்தைப் போட்டு, பார்த்து வரைகிறேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

திருப்பூரில் கவசத்துக்கு எங்கே போவது? நாடக சாமான் வாடகைக்கு விடுகிற கடையில் இருந்ததெல்லாம் அட்டையில் ஒட்டிய ஜிகினா. கடைசியில் எங்கள் சாய ஆலையிலேயே கிடைத்தது. பாய்லரிலிருந்து வரும் நீராவிக் குழாய்களுக்கு மேலே அலுமினியத் தகடு சுற்றியிருப்பார்கள். குழாய் மாற்றும்போது கழற்றிப்போட்ட பழைய தகடுகள் ஷெட்டுக்குப் பின்னால் கிடந்தன. தகடு சுற்றும் வேலைக்கு வந்திருந்த பீகார்க்காரர் மனோஜிடம் அண்ணன் படம் போட்டுக் காட்டினார். மனோஜ் இரண்டு நாளில் மார்புக்கும் தோளுக்கும் முன்கைக்கும் தகட்டை வளைத்து, ஓரம் மடித்து, ரிவெட் அடித்துக் கொண்டுவந்தார். "அண்ணா, இது ராஜாவுக்கா?" என்று கேட்டார். "என் மவனுக்கு" என்றார் அண்ணன். ரூபனைத்தான் மிக்கேலாக நிறுத்தப்போகிறார் என்று, சாமியாரிடம்கூடச் சொல்லாத விஷயம் எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரையும்போது பார்க்கப் போயிருந்தேன். வாடகை வீட்டு மொட்டை மாடி. சாயங்கால வெயில். ரூபன் தகடுகளை மாட்டிக்கொண்டு, சவுக்குக் கம்பு ஒன்றை ஈட்டியாகப் பிடித்து நின்றான். அவனால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. நிற்பான், உட்காருவான், மறுபடி நிற்பான். என்னைப் பார்த்ததும், "ஏனுங்க்கா, சம்மனசுக்குத் தண்ணி தவிக்குமாங்க்கா?" என்றான். சம்மனசு என்றால் தேவதூதர். அவனுக்குத் தண்ணீர் ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் என்று அளந்து வைத்திருந்தார்கள். லூர்து அக்கா ஒரு கிண்ணத்தில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு, அவன் உட்காரும்போதெல்லாம் ஒன்றை எடுத்து உதட்டில் தடவிவிட்டார்.

தகட்டுக்கு என்ன நிறம் கலக்கினீர்கள் என்று கேட்டேன். வெள்ளையும் கறுப்பும் சேர்த்துச் சாம்பல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் சிரித்தார். "தகட்டுக்குன்னு ஒரு நெறம் கெடையாது தங்கச்சி. பக்கத்துல என்ன இருக்கோ அதத்தான் அது காட்டும். நல்லாப் பாருங்க." பார்த்தேன். மார்புத் தகட்டில் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த சிவப்பு பனியன்கள் நீளமாக வளைந்து ஓடின. இடுப்புப் பக்கம் தண்ணீர்த் தொட்டியின் கறுப்பு. தோளில் வானம். தாடைக்குக் கீழே மட்டும் மங்கிய மஞ்சள், அது ரூபனுடைய தோலின் நிறம். அதை எல்லாம் அவர் அப்படி அப்படியே தீட்டியிருந்தார். பக்கத்தில் போனால் வெறும் சிவப்பும் கறுப்பும் நீலமும். நான்கு அடி தள்ளி வந்தால் தொட்டால் குளிர்வது போன்ற உலோகம். நிறத்தோடு அத்தனை வருடம் பிழைத்த நான் பக்கத்தில் போவதும் தள்ளி வருவதுமாக இருந்தேன்.

முகத்தை அவர் கடைசியாகத்தான் எடுத்தார். அதற்கு மட்டும் ஏழெட்டு ஞாயிறு. கன்னம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கறுத்து, ஆனாலும் எதையோ கேட்டுச் சிரிக்கப் போகிறவன் மாதிரி உதடு. அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். உயிரோடு இருந்தது.

கோயில் கமிட்டிக்காரர்கள் பார்க்க வந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பாதிப் பேர் அவர் ஊர்க்காரர்கள், ரூபனுக்காக ஜெபம் வைத்தவர்கள். ஒருவர், "படம் பிரமாதம் அண்ணாச்சி. ஆனா மொகம் சீக்காளி மொகமால்லா இருக்கு. பிசாச மிதிக்கவரு இப்படியா இருப்பாரு?" என்றார். இன்னொருவர் அண்ணனைத் தனியே கூப்பிட்டு, "நம்ம ரூபன்னு பாத்ததும் தெரியுது. அவனுக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா ஒருவேள ஏதாச்சும் ஆயிட்டா, பீடத்துல அந்த மொகத்த எப்படிப் பாக்க?" என்றார். முகத்தை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். கோயிலைப் புனிதப்படுத்தித் திறக்கும் மந்திரிப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது.

மறுநாள் அவர் லேபுக்கு வந்தார். நான் விளக்குப் பெட்டிக்குள் துணியை வைத்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு லாரி ஏற வேண்டிய சரக்கு. அவர் நடந்ததைச் சொன்னார். "மாத்தட்டா, வேண்டாமா தங்கச்சி?" என்று கேட்டார். நான் திரும்பாமலே பதில் சொன்னேன். "மாத்தீருங்ணா. கோயிலுக்குன்னு வரையறது. அவங்க கும்புடற மொகமா இருந்தாத்தானுங்க நல்லது. ரூபனத் தனியா இன்னொண்ணு வரைஞ்சுக்கலாம்." அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதைக்கூட நான் பார்க்கவில்லை. பெட்டிக்குள் இருந்த துணி என்ன நிறம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

மந்திரிப்பு அன்று நானும் போயிருந்தேன். மிக்கேல் சிவந்த கன்னத்தோடு, அகன்ற நெற்றியோடு, யாரையும் பார்க்காத பார்வையோடு நின்றார். எல்லோருக்கும் பிடித்திருந்தது. ரூபன் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு ஃபேஸ் கிரீம் போட்டு உட்டாங்கக்கா" என்று காதில் சொன்னான். நான் சிரித்தேன். அண்ணன் தூண் ஓரம் நின்று படத்தைப் பார்க்காமல் அதைப் பார்க்கிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தனியாக இன்னொன்று வரைவதற்கு நேரம் கிடைக்கவில்லை. நாலு மாதத்தில் ரூபனுக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். ஐந்து நாள் இருந்தான். ஆறாம் நாள் மத்தியானம் போய்விட்டான்.

அண்ணன் பத்து நாளில் வேலைக்குத் திரும்பினார். வீட்டில் ரூபனை வரைய உட்கார்ந்தார். போட்டோக்கள் நிறைய இருந்தன. அழித்த முகத்தின் போட்டோகூட எங்கள் எல்லோர் போனிலும் இருந்தது. மூன்று தடவை தொடங்கி மூன்றையும் விட்டுவிட்டார். "போட்டோவுல அவன் இருக்கான். நான் அவனப் பாத்தது அதுல இல்ல" என்றார். பிறகு ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார். "தங்கச்சி, ஒங்களுக்குக் கெமிக்கல் தெரியும். மேல போட்ட பெயின்ட மட்டும் எடுத்துட்டு, கீழ உள்ளத விட்டுட முடியுமா?"

முடியும் என்று நான் சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றேன். இரண்டு முகத்துக்கும் நடுவே ஒரு கை வார்னிஷ் பூசியிருந்தால் மேலே இருப்பதை எடுப்பது அத்தனை கடினமில்லை. அவசரத்தில் அதைச் செய்யவில்லை. அதை அன்றைக்கு நான்தான் சொல்லியிருக்க வேண்டும். நிறப் படலம் எதில் கரையும், எதில் கரையாது என்பதுதானே நான் படித்த படிப்பு. அவர் ரூபன் தோல் நிறத்தைச் சோதித்துப் பார்த்த பழைய அட்டைகளைக் கொடுத்தார். அவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக வண்ணம் இருந்தது. ஒரு மாதம், வேலை முடிந்த பிறகு தினமும் அரைமணி நேரம், பஞ்சு சுற்றிய குச்சியால் ஒவ்வொரு கரைப்பானாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மேலும் கீழும் சேர்ந்தே வந்தன. கடைசியில் ஒரு கலவை. தொட்டு, சில நொடி எண்ணி எடுத்து, உடனே துடைத்தால் மேல் படலம் மட்டும் உரிந்தது. அடியிலிருந்த மஞ்சள் அப்படியே நின்றது. போன் செய்து, "அண்ணா, வந்துச்சுங்ணா, வாங்க" என்றேன். படியேறி ஓடி வந்தார்.

அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். சாமியாரிடம் எப்போது பேசலாம் என்று நான் கேட்டேன். அவர் அட்டையை மேஜையில் வைத்தார்.

"நான் ஒண்ணு ஒங்ககிட்டச் சொல்லல தங்கச்சி. மேல அப்படியே பூசினா பழைய மூக்கும் தாடையும் மேடு தட்டித் தெரியும். அதனால தேய்ச்சுட்டேன். உப்புத்தாள் வச்சு. ரூபன்தான் பக்கத்துல உக்காந்து தண்ணியில நனைச்சு நனைச்சுத் தந்தான்."

"பின்ன ஏனுங்ணா என்னைய இத்தன நாளா பண்ணச் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எங்கயாச்சும் சரியாத் தேய்க்காம விட்டிருப்பேனோன்னு ஒரு நெனப்பு" என்றார். "கைவேலையில நான் ஒருநாளும் அரகொறையா விட்டது கெடையாது. அந்த ஒரு நாளாவது விட்டிருக்கக் கூடாதா?"

சாமியார் நல்ல மனிதர். ஓர் ஓரத்தில், கண்ணுக்குக் கீழே, விரல் நுனி அளவு இடத்தில் தொட்டுப் பார்க்க அனுமதி கொடுத்தார். ஏணி போட்டு அண்ணனே ஏறினார். நான் கீழே நின்று குச்சியை நனைத்துக் கொடுத்தேன். மேல் வண்ணம் சுத்தமாக வந்தது. அடியில் வெறும் துணிதான் இருந்தது. பல்லடம் தறியில் நெய்த காடாத் துணி, இழை இழையாக. அந்த இடத்தை அன்றே பூசிச் சரி செய்துவிட்டு இறங்கினார். எங்கே தொட்டோம் என்று இப்போது பார்த்தால் எனக்கே தெரியாது. அவ்வளவு சுத்தமான வேலை.

கோயில் படியில் வந்து உட்கார்ந்தோம். இவ்வளவு நாள் சொல்லாததை அன்றுதான் சொன்னேன். "மாத்துங்கன்னு சொன்னது நாந்தானுங்ணா." அவர் என் பக்கம் திரும்பினார். கோபம் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. "நீங்க சொல்லுததுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன் தங்கச்சி. கோயிலுக்குன்னு வாக்குக் குடுத்தாச்சு, நாளும் குறிச்சாச்சு, என்ன செய்ய முடியும்? ஒங்ககிட்ட வந்தது பதிலுக்கு இல்ல. கொஞ்ச நேரம் யாராச்சும் கூட நின்னாப் போதும்னு இருந்துச்சு." அதைச் சொல்லும்போது அவர் குரலில் குறை எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தாங்குவது சுலபமாக இருந்திருக்கும்.

அதன்பின் ஒன்றரை வருடம் இருந்தார். கிளிகளும் கரடிகளும் கார் பொம்மைகளும் பிரித்துக் கொடுத்தார். ஒரு நிறம் பிசகவில்லை. தூரிகைகளை யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். யாருக்கு என்று கேட்கவில்லை.

அவரை அடக்கம் செய்வதற்கு முன் அந்தக் கோயிலுக்குத்தான் கொண்டுவந்தார்கள். பெட்டி பீடத்துக்கு முன்னால் இருந்தது. மிக்கேல் மேலே நின்றார். பூசை முடிந்து ஆண்கள் பெட்டியைத் தூக்கப் போனபோது லூர்து அக்கா எழுந்து நேராகப் படத்தின் அருகே போனார். அழுகிறார் என்று நினைத்து நான் பின்னாலேயே போனேன். அவர் அழவில்லை. ஈட்டியைப் பிடித்திருக்கிற கையைக் காட்டினார். "பாருங்கம்மா" என்றார். பார்த்தேன். கமிட்டி முகத்தைத்தான் மாற்றச் சொல்லியிருந்தது. விரல்கள் ஒல்லியாக, மூட்டு புடைத்து இருந்தன. கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் நகம் சதையோடு ஒட்டக் கடிபட்டிருந்தது. "சின்னதுல இருந்தே கடிப்பான். வேப்பெண்ணெ தடவிப் பாத்தேன், கேக்கல" என்றார் அக்கா. அந்த விரலைத் தொட எட்டிப் பார்த்தார். கை எட்டவில்லை. என்னால் தூக்கிவிட முடியாது, ஏணியும் இல்லை. பின்னால் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

அண்ணனிடமிருந்து ஒரு பொருளும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. சென்ற வாரம் எங்கள் லேபில் வேலை செய்யும் பெண்ணொருத்தி வந்தாள். பொங்கலூர்க்காரி. அவள் அப்பாவுக்கு இனி வைத்தியம் இல்லை, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க என்று சொல்லிவிட்டார்களாம். "கூட்டிட்டுப் போயிரட்டுங்களா மேடம், இல்ல வேற பக்கம் காட்டட்டுங்களா?" என்று கேட்டாள். விளக்குப் பெட்டிக்குள் துணி இருந்தது. ஸ்விட்சை அணைத்தேன். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். "எனக்குத் தெரியலீயே கண்ணு, உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள். அவள் எழுந்து போகிறவரை நானும் எழுந்திருக்கவில்லை. பிரகாசம் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான். அவருக்கு அதை என்னால் கொடுக்க முடியவில்லை.